பந்தய விபத்துகளின் கோப்புகளைத் திறந்து வையுங்கள்: மோட்டார்ஸ்போர்ட் யூகே வாரியத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய வாரியத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

பிரிட்டனில் நான்கு சக்கர மோட்டார் பந்தயங்களுக்கு உரிமம் அளிப்பதும் விதிகளை வகுப்பதும் தங்கள் அமைப்பின் பொறுப்பு. 2019இல் இன்றைய பெயரை ஏற்பதற்கு முன்பும், அதற்கும் முன் ராயல் ஆட்டோமொபைல் கிளப்பின் கீழ் இந்த விளையாட்டு இயங்கிய காலத்திலும், தடத்தில் ஒரு கார் கவிழ்ந்து ஒருவர் மடிந்தால் அதற்குப் பதில் தேட வேண்டியிருந்தவர்கள் தங்கள் முன்னோடிகளே. அந்த விசாரணைகளின் அறிக்கைகளை, கிடைத்தவரையில் பழையவற்றையும் சேர்த்து, ஒரே இடத்தில் தொகுத்து எவரும் படிக்கும்படி வெளியிட வேண்டும் என்றும், இனி நிகழும் கடும் விபத்துகளுக்கும் மயிரிழையில் உயிர் தப்பிய நிகழ்வுகளுக்கும் அதையே வழக்கமாக்க வேண்டும் என்றும் கேட்டுக்கொள்ளவே இந்த மடலை எழுதுகிறேன்.

எங்கோ இருக்கும் ஒரு தமிழ் ரசிகருக்கு இதில் என்ன அக்கறை என்று தாங்கள் கேட்கக்கூடும். உலகின் இளம் ஓட்டுநர்கள் தொழில் கற்றுக்கொள்ளும் களமாகப் பிரிட்டிஷ் தடங்கள் பல தலைமுறைகளாக இருந்துவருகின்றன. கோயம்புத்தூரைச் சேர்ந்த நாராயண் கார்த்திகேயனும் பிரிட்டிஷ் ஃபார்முலா 3 தொடரில் ஓட்டித் தேறியவர்தான். தங்கள் தடங்களில் கற்ற பாடமும் கற்காமல் விட்ட பாடமும் தங்கள் எல்லையோடு நின்றுவிடுவதில்லை என்பதால்தான் எழுதுகிறேன்.

1907இல் சர்ரே மாவட்டத்தின் வேபிரிட்ஜ் அருகே திறக்கப்பட்ட புரூக்லாண்ட்ஸ் தடத்திலிருந்து தொடங்குவதே முறை. பந்தயத்துக்கென்றே சரிவான கான்கிரீட் வளைவுகளுடன் கட்டப்பட்ட அந்தத் தடத்தில், 1930 மே மாதம் நடந்த 'டபுள் ட்வெல்வ்' பந்தயத்தின்போது, ஒரே அணியைச் சேர்ந்த இரண்டு டால்பட் கார்கள் நேர்ப்பாதையில் ஒன்றோடொன்று உரசின. அவற்றுள் ஒன்று தடத்தின் விளிம்பைத் தாண்டிப் பார்வையாளர்கள் நின்ற கம்பி வேலியின்மேல் பாய்ந்தது. காரில் உடன் சென்ற மெக்கானிக் ஒருவரும் பார்வையாளர் ஒருவரும் இறந்தனர், பலர் காயமடைந்தனர். காயமுற்ற பார்வையாளர் ஒருவர் தடத்தை நடத்திய நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தார். ஆங்கிலேயச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கும் 'ஹால் எதிர் புரூக்லாண்ட்ஸ் ஆட்டோ ரேசிங் கிளப்' என்ற வழக்கு அதுதான்.

அந்த வழக்கின் தீர்ப்பைப் படிப்பவருக்கு விபத்து நடந்த இடம் கண்முன் விரியும். தடத்தின் ஓரத்தில் 6 அங்குல உயரத்தில் ஒரு சிமெண்டு விளிம்பு. அதற்கப்பால் 4 அடி 5 அங்குல அகலத்தில் ஒரு புல்வெளிப் பட்டை. அதன்பின் 4 அடி 6 அங்குல உயரத்தில் ஓர் இரும்பு வேலி. மணிக்கு நூறு மைல் வேகத்தை எட்டும் கார்களுக்கும் மனிதர்களுக்கும் இடையே இருந்தது அவ்வளவே. இந்த அளவுகள் இன்று நமக்குத் தெரிவதற்குக் காரணம், அவை திறந்த நீதிமன்றத்தில் பேசப்பட்டு அச்சில் ஏறியதுதான். ஜூரி பார்வையாளரின் பக்கம் நின்றது. ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம், தடம் திறந்த 23 ஆண்டுகளில் இப்படியொரு விபத்து நேர்ந்ததே இல்லை, நியாயமான முன்னெச்சரிக்கை உள்ள எவரும் இதை எதிர்பார்த்திருக்க முடியாது என்று கூறி, நிறுவனத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

என் கோரிக்கையின் வேர் அந்தத் தீர்ப்பில்தான் இருக்கிறது. "இதுபோல் முன்பு நடந்ததே இல்லை" என்று சொல்வதற்கு, முன்பு என்னென்ன நடந்தது என்பதற்கு ஒரு முழுமையான பதிவு வேண்டும். உயிர்ச் சேதம் இல்லாமல் வேலியை உரசிவிட்டுத் திரும்பிய கார்களின் கணக்கு அந்த 23 ஆண்டுகளில் எவரிடமாவது இருந்ததா? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்? பதிவே இல்லாத இடத்தில் எந்த விபத்தும் முதல் விபத்தாகவே தோன்றும். எவரும் எதிர்பார்த்திருக்க முடியாத விபத்தாகவும் தோன்றும்.

இதற்கு நேர்மாறான கதை ஒன்று வேல்ஸ் கடற்கரையில் இருக்கிறது. அது பந்தயம் அல்ல, தரைவேகச் சாதனை முயற்சி என்று தாங்கள் சொல்லலாம். ஆனாலும் பிரிட்டிஷ் மோட்டார் விளையாட்டின் வரலாற்றில் அதற்கு நிலையான இடம் உண்டு. 27 லிட்டர் லிபர்ட்டி விமான எஞ்சினைப் பொருத்திய 'பாப்ஸ்' என்ற காரை ஓட்டி, 1926இல் பெண்டைன் மணற்பரப்பில் மணிக்கு 171 மைல் வேகத்தைக் கடந்தவர் ஜே. ஜி. பாரி-தாமஸ். மறு ஆண்டு மால்கம் காம்பெல் அந்தச் சாதனையை முறியடித்துவிட, அதை மீட்பதற்காக அதே மணலுக்குத் திரும்பிய பாரி-தாமஸ், 1927 மார்ச் 3 அன்று கார் நிலைகுலைந்து உருண்டதில் உயிரிழந்தார். அந்தக் காரின் எஞ்சின் விசை பின்சக்கரங்களுக்குத் திறந்த சங்கிலிகள் வழியாகச் சென்றது. வலப்பக்கச் சங்கிலி அறுந்து ஓட்டுநரின் தலையில் அடித்ததே மரணத்துக்குக் காரணம் என்ற முடிவுக்கு எல்லாரும் வந்துவிட்டனர். காரை என்ன செய்தார்கள்? அந்தக் கடற்கரையிலேயே மணலைத் தோண்டிப் புதைத்துவிட்டார்கள்.

துயரத்தில் செய்த காரியம். அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் விளைவைப் பாருங்கள். 1969இல் ஓவன் வின் ஓவன் என்ற பொறியியல் ஆசிரியர் அனுமதி பெற்று அந்தக் காரைத் தோண்டி எடுத்துச் சீரமைக்கும் வரை, நாற்பது ஆண்டுகளுக்கு மேல், சங்கிலிக் கதையே வரலாறாக நின்றது. வெளியே எடுத்து ஆராய்ந்த பிறகே, சங்கிலி அறுந்தது விபத்தின் காரணமாக அல்லாமல் விளைவாகவும் இருந்திருக்கலாம், முதலில் உடைந்தது பின்சக்கரமாக இருக்கலாம் என்ற கருத்து வலுப்பெற்றது. கிடைத்த முதல் விளக்கத்தோடு ஒரு விபத்தின் சான்றைப் புதைத்துவிட்டால், அந்த விளக்கம் சரியா தவறா என்று சோதிக்கும் வாய்ப்பும் கூடவே புதைந்துபோகிறது.

சில்வர்ஸ்டோன் பழைய விமானத்தளத்தில் பந்தயம் தொடங்கிய மறு ஆண்டே, 1949 ஆகஸ்டில், செயின்ட் ஜான் ஹார்ஸ்ஃபால் அங்கே ஈ.ஆர்.ஏ. காரில் உயிரிழந்தார். தடத்தின் எல்லையை வைக்கோல் கட்டுகளும் எண்ணெய்ப் பீப்பாய்களும் காட்டிய காலம் அது. போர்க்காலத்தில் பிரிட்டிஷ் உளவுத்துறையின் ஓட்டுநராக இருந்த இவர்தான், 1943இல் 'மின்ஸ்மீட்' என்ற ஏமாற்று நடவடிக்கைக்காக ஒரு சடலத்தை லண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக் கடற்கரை வரை இரவோடிரவாக வண்டியில் கொண்டுபோய்ச் சேர்த்தவர். அந்த நடவடிக்கையின் ரகசியக் கோப்புகளே கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்று எவரும் பார்க்கக் கிடைக்கின்றன. உளவுத்துறை திறக்கத் துணிந்த அளவுக்காவது பந்தயத்துறையும் துணியலாம்.

1936 செப்டம்பர் 5 அன்று வட அயர்லாந்தின் ஆர்ட்ஸ் சாலைத் தடத்தில் நடந்த டூரிஸ்ட் டிராஃபி பந்தயத்தில், நியூடௌனார்ட்ஸ் ஊருக்குள் ஒரு ரைலி கார் கட்டுப்பாடு இழந்து கூட்டத்துக்குள் புகுந்ததில் எட்டுப் பார்வையாளர்கள் மாண்டனர். அத்துடன் அந்தத் தடத்தின் பந்தய வரலாறு முடிந்தது. 19 ஆண்டுகள் கழித்து, 1955 செப்டம்பரில், அதே டூரிஸ்ட் டிராஃபி அதே வட அயர்லாந்தின் டண்ட்ராட் சாலைத் தடத்தில் நடந்தபோது, ஜிம் மேயர்ஸ், பில் ஸ்மித், ரிச்சர்ட் மெயின்வாரிங் ஆகிய மூன்று ஓட்டுநர்கள் ஒரே நாளில் இறந்தனர். இருபுறமும் மண்மேடுகள் நெருக்கும் குறுகலான நாட்டுப்புறச் சாலையில், சிறிய எஞ்சின் கார்களும் மூன்று லிட்டர் மெர்சிடஸ்களும், தொழில்முறை ஓட்டுநர்களும் அவர்களைவிட வெகுவாகப் பின்தங்கியவர்களும் ஒன்றாக ஓடவிடப்பட்டிருந்தனர். பிரான்சின் லெ மான்ஸ் பந்தயத்தில் கார் கூட்டத்துக்குள் பாய்ந்து பலர் இறந்த பேரழிவு நிகழ்ந்து மூன்றே மாதங்கள் ஆகியிருந்தன என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இரண்டு முறையும் தீர்வு ஒன்றுதான்: தடத்தைக் கைவிடுவது. ஒரு தடத்தை மூடிவிட்டால் அங்கே அடுத்த விபத்து நேராது என்பது உண்மையே. ஆனால் வேக வேற்றுமை மிகுந்த கார்களைக் குறுகிய பாதையில் கலந்து விடுவதன் ஆபத்து வேறொரு தடத்துக்குக் குடிபெயர்வதை அது தடுக்காது.

குட்வுட் தடத்தில் 1962 ஏப்ரல் 23, ஈஸ்டர் திங்கள் அன்று, செயின்ட் மேரிஸ் வளைவை நெருங்கும்போது ஸ்டிர்லிங் மாஸின் லோட்டஸ் தடத்தை விட்டு விலகி மண்மேட்டில் மோதியது. சிதைந்த உலோகத்துக்குள்ளிருந்து அவரை வெட்டி எடுக்க வேண்டியிருந்தது. ஏறத்தாழ ஒரு மாதம் நினைவின்றிக் கிடந்தார். உடலின் இடப்பக்கம் மாதக்கணக்கில் செயலிழந்திருந்தது. மறு ஆண்டு அதே குட்வுட்டில் காரை ஓட்டிப் பார்த்துவிட்டு, முன்பு தானாக வந்தவையெல்லாம் இப்போது யோசித்துச் செய்ய வேண்டியிருக்கின்றன என்று உணர்ந்து ஓய்வுபெற்றார். தன் தலைமுறையின் தலைசிறந்த ஓட்டுநர் என்று பலரும் கருதிய ஒருவரின் பந்தய வாழ்வு, பல்லாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருக்க, பட்டப்பகலில் முடிந்தது. ஆயினும் கார் ஏன் விலகியது என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. மாஸுக்கு அந்த நொடிகள் கடைசிவரை நினைவுக்கு வரவும் இல்லை. அன்று தடத்தோரம் நின்ற அதிகாரிகளும், பாதுகாப்பைக் கவனிக்கும் பணியாளர்களான மார்ஷல்களும் எழுதித் தந்த வாக்குமூலங்கள் எங்காவது இருக்குமானால், அவற்றின் இடம் பூட்டிய அலமாரி அல்ல.

விசாரணை என்றால் எப்படி இருக்க வேண்டும் என்பதற்குத் தங்கள் மரபிலேயே ஒரு நல்ல சான்று உண்டு. 1971 அக்டோபர் 24 அன்று பிராண்ட்ஸ் ஹாட்ச் தடத்தில், ஜாக்கி ஸ்டீவர்ட் உலகப் பட்டம் வென்றதைக் கொண்டாடும் வகையில், தொடரில் சேராத ஒரு பந்தயம் நடந்தது. முதலிடத்திலிருந்து புறப்பட்ட சுவிஸ் ஓட்டுநர் ஜோ சிஃபர்ட்டின் பி.ஆர்.எம். கார், ஹாதார்ன் வளைவை நோக்கி விரைகையில் தடத்தை விட்டு விலகி, கவிழ்ந்து, தீப்பற்றியது. பந்தயம் அங்கேயே நிறுத்தப்பட்டது.

ராயல் ஆட்டோமொபைல் கிளப் நடத்திய விசாரணை கண்டறிந்தவை இன்று படித்தாலும் உறைய வைப்பவை. மோதலால் ஏற்பட்ட காயங்கள் சிஃபர்ட்டைக் கொல்லவில்லை. புகையை உள்ளிழுத்ததால்தான் அவர் இறந்தார். அதாவது, அவர் பிழைத்திருக்கக்கூடிய விபத்து அது. தடத்தோரத்தில் இருந்த தீயணைப்பான்கள் வேலை செய்யவில்லை. தீயின் உக்கிரத்தில் எவராலும் காரை நெருங்க முடியவில்லை. ஆகவே மீட்புக் குழு வந்து சேரும் வரை ஓட்டுநரின் உயிரைக் காரே தாங்கிப் பிடிக்க வேண்டும் என்ற முடிவு பிறந்தது. காருக்குள்ளேயே தீயணைப்பு ஏற்பாடு கட்டாயமானது. ஓட்டுநரின் தலைக்கவசத்துக்குள் குழாய் வழியே சுவாசக் காற்று செலுத்தும் ஏற்பாடும் வந்தது. எது தவறியது என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட்டதால்தான் எதைத் திருத்த வேண்டும் என்பது தெளிவானது. "தீவிபத்தில் ஓட்டுநர் மரணம்" என்ற ஒற்றை வரியோடு அந்தக் கோப்பு மூடப்பட்டிருந்தால், அடுத்த பந்தயத்திலும் அதே தீயணைப்பான்கள் அதே இடத்தில் நின்றிருக்கும்.

ஆனால் அந்தப் பாடம் கடல் தாண்டிப் போய்ச் சேர்ந்த வேகம் போதவில்லை. 1973 ஜூலை 14 அன்று சில்வர்ஸ்டோனில் நடந்த பிரிட்டிஷ் கிராண்ட் பிரீயில், முதல் சுற்றின் முடிவில் வுட்கோட் வளைவில் ஜோடி ஷெக்டரின் மெக்லாரன் சுழன்று சுவரில் மோதித் தடத்தின் நடுவே திரும்பியது. பின்னால் வந்த கார்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி நொறுங்கின. ஆந்திரேயா டி ஆடமிச் மட்டும் கால் முறிந்து காருக்குள் நெடுநேரம் சிக்கியிருந்தார். காரைப் பொறுமையாக வெட்டி அவரை வெளியே எடுத்தார்கள். தீப்பற்றவில்லை, எவரும் இறக்கவில்லை. பதினைந்தே நாட்களில், ஜூலை 29 அன்று, நெதர்லாந்தின் சாண்ட்வோர்ட் தடத்தில், லெஸ்டர் நகரத்து இளைஞர் ரோஜர் வில்லியம்சன் கவிழ்ந்த காருக்கடியில் தீயில் சிக்கினார். சக ஓட்டுநர் டேவிட் பர்லி தன் காரை நிறுத்திவிட்டு ஓடிவந்து, தனியொருவராக அந்தக் காரைப் புரட்டிப்போட முயன்றார். அங்கிருந்த மார்ஷல்களிடம் தீயைத் தாங்கும் உடைகள் இல்லை. பந்தயம் நிற்கவும் இல்லை. பர்லிக்கு ஜார்ஜ் பதக்கம் கிடைத்தது, வில்லியம்சன் பிழைக்கவில்லை.

அதே பர்லி, 1977இல் சில்வர்ஸ்டோனில் தகுதிச் சுற்றுக்கு முந்தைய ஓட்டத்தின்போது, த்ராட்டில் (வேக முடுக்கி) திறந்தபடியே சிக்கிக்கொண்டதால் நேராகத் தடுப்பில் மோதினார். மணிக்கு 173 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற கார் வெறும் 66 சென்டிமீட்டர் தூரத்தில் நின்றது. அவர் உடல் தாங்கிய விசை புவியீர்ப்பைப் போல் ஏறக்குறைய 180 மடங்கு என்று கணக்கிடப்பட்டது. கால்களும் இடுப்பும் விலா எலும்புகளும் முறிந்தும் அவர் உயிர் பிழைத்து, மீண்டும் பந்தயக் காரில் ஏறினார். இது சாதனைப் புத்தகங்களில் ஒரு விந்தைச் செய்தியாகவே உலவுகிறது. ஒரு மனித உடல் இவ்வளவைத் தாங்க எந்த அமைப்பு உதவியது, எது உதவவில்லை என்ற கேள்விக்கான விடை அந்தச் சிதைந்த காரிலும் மருத்துவக் குறிப்புகளிலும்தான் இருந்திருக்கும்.

இறப்பு நேராத விபத்துகளை நான் வலியுறுத்துவதற்கு வேறொரு காரணமும் உண்டு. 1994 மே மாதம், இத்தாலியின் இமோலா தடத்தில் ராட்சன்பெர்கர், செனா என்ற இரு ஓட்டுநர்கள் அடுத்தடுத்த நாட்களில் இறந்து சில வாரங்களே ஆகியிருந்த நிலையில், சில்வர்ஸ்டோனில் சோதனை ஓட்டத்தில் இருந்த பெட்ரோ லமியின் லோட்டஸ் கார் பின்புற இறக்கையை இழந்தது. மிகு வேகத்தில் தடத்தை விட்டுப் பறந்த கார், பார்வையாளர்களுக்கான வேலியைத் தாண்டி, அவர்கள் நடந்துபோகும் சுரங்கப் பாதையில் போய் விழுந்தது. லமியின் கால்கள் முறிந்தன. சோதனை நாள் என்பதால் அந்தப் பாதையில் கூட்டம் இல்லை. பந்தய நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை ஊகிக்கப் பெரிய கற்பனை வேண்டியதில்லை. புரூக்லாண்ட்ஸ் வேலியின்மேல் பாய்ந்த டால்பட்டுக்கும் இந்த லோட்டஸுக்கும் உள்ள வேறுபாடு நாட்காட்டியில் மட்டுமே இருந்தது. உயிரிழப்பு இல்லாததால் இந்த நிகழ்வு மரண விசாரணை அதிகாரியின் மேசைக்குப் போகாது, நீதிமன்றத்துக்கும் போகாது. தாங்கள் எழுதிவைக்காவிட்டால் வேறெவரும் எழுதிவைக்கப் போவதில்லை.

1988 ஆகஸ்டில் பிராண்ட்ஸ் ஹாட்ச் ஃபார்முலா 3000 பந்தயத்தில் கால்களை வெட்டியெடுக்க நேரும் என்ற நிலைக்குப் போன ஜானி ஹெர்பர்ட்டையும், 1999இல் சில்வர்ஸ்டோனின் ஸ்டோ வளைவில் பின்புற பிரேக் செயலிழந்து வலது கால் முறிந்த மைக்கேல் ஷூமாக்கரையும் ரசிகர்கள் எல்லாரும் அறிவர். அவற்றை நான் விரிக்க வேண்டியதில்லை. 2009 ஜூலை 19 அன்று நடந்ததை மட்டும் சொல்லியாக வேண்டும். பிராண்ட்ஸ் ஹாட்சில் ஃபார்முலா 2 பந்தயத்தின்போது, வெஸ்ட்ஃபீல்ட் வளைவில் மோதிய ஒரு காரிலிருந்து கழன்ற சக்கரம் துள்ளித் தடத்துக்குத் திரும்பி, பின்னால் வந்துகொண்டிருந்த ஹென்றி சர்ட்டீஸின் தலைக்கவசத்தில் விழுந்தது. அவருக்கு வயது 18. இரு சக்கரத்திலும் நான்கு சக்கரத்திலும் உலகப் பட்டம் வென்ற ஒரே மனிதரான ஜான் சர்ட்டீஸின் மகன். ஓட்டுநரின் தலைக்கு மேலே எந்தப் பாதுகாப்பும் இல்லாத காரில் சக்கரம் போன்ற ஒரு பொருள் வந்து விழுந்தால் என்ன செய்வது என்ற கேள்விக்கு ஃபார்முலா 1இல் கட்டாய விடை, ஹேலோ வளையம், 2018இல்தான் வந்தது.

அந்த வளையத்தின் மதிப்பைச் சில்வர்ஸ்டோன் 2022 ஜூலை 3 அன்று ஒரே நாளில் இருமுறை கண்டது. காலையில் நடந்த ஃபார்முலா 2 பந்தயத்தில், தடத்தோர மேட்டில் ஏறிப் பறந்த டென்னிஸ் ஹாகரின் கார், ராய் நிசானியின் காக்பிட்டின் மேலேயே வந்து இறங்கியது. பிற்பகலில் கிராண்ட் பிரீயின் முதல் வளைவுக்கு முன்பே சோ குவான்யூவின் ஆல்ஃபா ரோமியோ தலைகீழாகக் கவிழ்ந்து, சரளைப் பரப்பில் வழுக்கிச் சென்று, டயர் தடுப்பைத் தாவி, தடுப்புக்கும் கம்பி வேலிக்கும் இடையே சொருகி நின்றது. கவிழ்ந்த காரைத் தாங்க வேண்டிய ரோல் ஹூப், அதாவது ஓட்டுநரின் தலைக்குப் பின்னே இருக்கும் மேல்வளைவு, நொறுங்கிப்போயிருந்தது. ஹேலோ தாங்கியது. சோ நடந்து வெளியேறும் நிலையில் இருந்தார். அந்த ஆண்டு முடிவதற்குள், ரோல் ஹூப்பின் மேற்பகுதி வளைவாக இருக்க வேண்டும், கூடுதல் விசையைத் தாங்க வேண்டும் என்று மோட்டார் விளையாட்டின் சர்வதேசக் கூட்டமைப்பு (எஃப்.ஐ.ஏ.) விதிகளை மாற்றிவிட்டது. நேரலைக் கேமராக்களும் காருக்குள் உணரிகளும் நிறைந்த ஃபார்முலா 1இல் பாடம் இவ்வளவு வேகமாகக் கற்கப்படுகிறது. ஒரு கிளப் பந்தயத்தில், மழை பெய்யும் சனிக்கிழமையில், கேமரா எட்டாத வளைவில் நிகழும் விபத்துக்கு இந்த வசதி எதுவும் இல்லை. எழுத்துப் பதிவு அதிகம் தேவைப்படுவது அங்கேதான்.

2021 ஜூலை 31 அன்று பிராண்ட்ஸ் ஹாட்சில் ஒரு கிளப் நிகழ்வின்போது தடத்தை விட்டு விலகிய கார் மோதி ஒரு மார்ஷல் உயிரிழந்ததைத் தாங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆரஞ்சு உடையில் காற்றிலும் மழையிலும் நாள் முழுதும் நிற்கும் இவர்கள் ஊதியம் வாங்காத தொண்டர்கள். எந்தக் கோணத்தில் விலகும் கார் எந்த மார்ஷல் நிற்கும் இடத்தை எட்டும், எந்தத் தடுப்பின் பின்னால் நின்றால் பாதுகாப்பு என்பது அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை. இதே நாட்டின் பிற தடங்களில் அவர்களைப் போன்றவர்களுக்கு நேர்ந்தவற்றைத் தேதி, இடம், காரணம் சகிதம் படிக்கும் உரிமை வேறெவரையும்விட அவர்களுக்கே முதலில் உண்டு.

தங்கள் தயக்கங்களை ஊகிக்க முடிகிறது. காரணத்தை எழுதினால் அது நீதிமன்றத்தில் ஆயுதமாகும், காப்பீட்டு நிறுவனங்கள் கைகழுவும், தடத்தை நடத்துவோர் வாயே திறக்க மாட்டார்கள் என்று வழக்கறிஞர்கள் அறிவுரை சொல்வார்கள். ஆனால் தங்கள் நாட்டிலேயே விமான விபத்துகளை ஆராயும் பிரிவு 1915இல் வேர்விட்டு இன்றும் இயங்குகிறது. 1987இல் 'ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ என்டர்பிரைஸ்' கப்பல் கவிழ்ந்த பின் 1989இல் கடல் விபத்துகளுக்கும், 1999 லாட்ப்ரோக் குரோவ் ரயில் மோதலுக்குப் பிறகு 2005இல் ரயில் விபத்துகளுக்கும் அதே போன்ற பிரிவுகள் பிறந்தன. மூன்றுமே தங்கள் அறிக்கைகளைப் பொதுவில் வெளியிடுகின்றன. மூன்றுமே தங்கள் நோக்கம் மீண்டும் நேராமல் தடுப்பதே தவிர எவர்மீதும் பழி சுமத்துவது அல்ல என்று தெளிவாக அறிவிக்கின்றன. விமான ஓட்டிகள் தங்கள் தவறுகளையும் தப்பிப்புகளையும் பெயர் வெளியாகாமல் தெரிவிக்கும் ஏற்பாடு 1982 முதல் பிரிட்டனில் உண்டு. அதனால் விமானப் போக்குவரத்து முடங்கிவிடவில்லை.

இறந்தவர்களின் குடும்பங்களைப் பற்றிய தயக்கம் இதைவிட மதிக்கத்தக்கது. மகனின் கடைசி நொடிகள் பொதுவெளியில் கிடப்பதை எந்தத் தாயும் விரும்ப மாட்டாள். மருத்துவ விவரங்களையும் படங்களையும் தவிர்க்கலாம்; வெளியிடும் முன் குடும்பத்தினரைக் கலந்து பேசலாம்; அவர்கள் கேட்டால் பெயரையும் நீக்கலாம். சக்கரம் எப்படிக் கழன்றது, தடுப்பு எவ்வளவு தொலைவில் இருந்தது, உதவி எத்தனை நிமிடத்தில் வந்தது என்பவை எவருடைய அந்தரங்கமும் அல்ல. மகனை இழந்த ஜான் சர்ட்டீஸ் அவர் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கி, வான்வழி ஆம்புலன்ஸ் சேவைக்குத் துணை நின்றார். 2017இல் டோனிங்டன் பார்க்கில் ஃபார்முலா 4 பந்தயத்தில் நின்றிருந்த காரின் மீது மோதி இரு கால்களையும் இழந்தபோது 17 வயதே ஆகியிருந்த பில்லி மோங்கர், மறு ஆண்டே தடத்துக்குத் திரும்பினார். மாற்றுத்திறனாளி ஓட்டுநர்களுக்குத் தடையாக இருந்த சர்வதேச விதிகளை மாற்றச் சொல்லிப் போராடவும் செய்தார். தங்கள் துயரத்திலிருந்து பிறருக்குப் பயன் விளைய வேண்டும் என்று நினைக்கும் குடும்பங்கள் உண்டு என்பதை நினைவூட்டவே இவற்றைக் குறிப்பிடுகிறேன்.

முன்மாதிரி இல்லாத ஒன்றை நான் கேட்கவில்லை. 2014இல் சுசூக்காவில் ஜூல்ஸ் பியாங்கிக்கு நேர்ந்த விபத்தைக் குறித்தும், 2020இல் பஹ்ரைனில் ரொமேன் குரோஷான் தீப்பிழம்பிலிருந்து தப்பியதைக் குறித்தும் சர்வதேசக் கூட்டமைப்பு தன் ஆய்வின் சுருக்கத்தை வெளியிட்டது. ஸ்காட்லாந்தில் 2013 ஸ்னோமேன் ராலியிலும் 2014 ஜிம் கிளார்க் ராலியிலும் நான்கு பார்வையாளர்கள் இறந்ததற்கு, ஷெரிஃப் எனப்படும் நீதிபதி முன்னிலையில் மரண விசாரணை வெளிப்படையாக நடந்து அதன் முடிவு வெளியிடப்பட்டது. பார்வையாளர்கள் எங்கே நின்றார்கள், எச்சரிக்கை அவர்களை எட்டியதா என்பவையெல்லாம் அங்கே பேசப்பட்டன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மரண விசாரணை அதிகாரிகள் இனியும் மரணம் நேராமல் தடுப்பதற்காக எழுதும் அறிக்கைகள் 2013 முதல் இணையத்தில் கிடைக்கின்றன. இவை எல்லாமே மரணத்துக்கோ பெரும் விபத்துக்கோ பின் வருபவை. மரணத்துக்கு முன்பே எச்சரிக்கும் ஏற்பாடு தங்கள் ஒருவரால்தான் முடியும்.

பழைய கோப்புகள் அனைத்தையும் ஒரே ஆண்டில் வெளியிடுவது இயலாது என்பது தெரியும். 1971 சிஃபர்ட் விசாரணை அறிக்கையை முழுமையாக அச்சேற்றித் தொடங்கலாம். அதில் தங்கள் முன்னோடிகள் பெருமைப்படத்தக்க பணி செய்திருக்கிறார்கள். பிறகு பத்தாண்டுக்கு ஒரு தொகுதியாகப் பின்னோக்கிப் போகலாம். காணாமற்போன கோப்புகளைக் காணவில்லை என்றே பட்டியலில் குறிக்கலாம். தனிச் சேகரிப்பாளர்களிடமும் கிளப்புகளின் பரண்களிலும் இருப்பவை அப்போதுதான் வெளியே வரும். புதிய விபத்துகளுக்கு, விசாரணை முடிந்து ஒரு குறிப்பிட்ட காலத்துக்குள் அறிக்கை வெளிவர வேண்டும் என்று ஆண்டுதோறும் தாங்கள் வெளியிடும் விதிப்புத்தகத்திலேயே ஒரு விதி சேர்க்கப்பட வேண்டும். நீதிமன்றத்தில் வழக்கு நிலுவையில் இருந்தால் அதுவரை காத்திருக்கலாம், ஆனால் காத்திருக்கும் காரணத்தை அறிவிக்க வேண்டும். வேலியைத் தாண்டிய காரோ கழன்ற சக்கரமோ எவரையும் தொடாமல் போனாலும் அதைப் பதிவு செய்வது பந்தயத்தை நடத்தும் கிளப்பின் கடமை என்று அதே விதி சொல்ல வேண்டும்.

இந்தக் கோரிக்கையை வாரியத்தின் அடுத்த கூட்டத்தில் விவாதத்துக்கு எடுத்துக்கொள்ளுமாறும், ஏற்க இயலாத பகுதி ஏதேனும் இருந்தால் எந்தக் காரணத்தால் ஏற்க இயலவில்லை என்பதை மார்ஷல்களும் ஓட்டுநர்களும் படிக்கும்படி வெளிப்படையாகவே பதிலளிக்குமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
மோட்டார் பந்தய ரசிகர் ஒருவர்